யாரிடம் வாங்குவது?

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

பொருளை வாங்குவது எளிது. யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்வதுதான் கடினம். சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் நம் அன்னையர் முதல், ஆகாய விமானத்துக்கு உதிரிப் பாகம் வாங்கும் பெரிய கம்பெனிகள் வரை எல்லாரும் இக்கேள்விக்கு விடை கண்டே ஆக வேண்டும். ஒரு கடையில் விலை குறைவு. இன்னொரு கடையில் பொருள் நயம். மூன்றாவது கடைக்காரரோ சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் கவலையே இல்லை. ஆனால் அப்படிக் கிடைப்பது அரிது. அப்போது எதை விட்டு எதைப் பிடிப்பது?

"எனக்குத் தோன்றியதைச் செய்தேன்" என்று சிலர் சொல்வர். "எப்போதும் வாங்கும் இடத்திலேயே வாங்கினேன்" என்பர் வேறு சிலர். வீட்டுக்கு வாங்கும்போது இது போதும். ஆனால் பத்துப் பேர் கூடி நடத்தும் தொழிலில், அல்லது பிறர் பணத்தைக் கையாளும் பொறுப்பில் இருப்பவர், "ஏன் இவரிடம் வாங்கினீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அந்தப் பதிலைக் கணக்காகவே எழுதிக் காட்ட ஒரு முறை உண்டு. அதைத்தான் இக்கட்டுரையில் நாம் காணப்போகிறோம். தோழியர் 'கணக்கா!' என்று அஞ்ச வேண்டாம். பின்னமும் தசமமும் தெரிந்தால் போதும்.

விலை ஒன்றே அளவுகோலா?

வாங்குபவர்கள் எதை முக்கியமாகக் கருதுகிறார்கள்? 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டிக்சன் என்ற ஆராய்ச்சியாளர் இதே கேள்வியைக் கம்பெனிகளின் கொள்முதல் அதிகாரிகளிடம் கேட்டு ஆராய்ந்தார். அவர் 23 அம்சங்களை வரிசைப்படுத்தினார். முதலிடம் பெற்றது தரம். இரண்டாவது, சொன்ன நாளில் சரக்கைக் கொடுப்பது. மூன்றாவது, அந்த வியாபாரி இதுவரை நடந்துகொண்ட விதம். விலைக்குக் கிடைத்த இடம் எது தெரியுமா? ஆறாவது!

இது முதலில் வியப்பாக இருக்கலாம். சிந்தித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். மலிவாக வாங்கிய துணி சாயம் போனால், தைத்த கூலியும் போயிற்று, நூலும் போயிற்று, வாடிக்கையாளரின் நம்பிக்கையும் போயிற்று. துணியில் மிச்சம் பிடித்த சில ரூபாய் இவற்றில் எதையும் ஈடுசெய்யாது. ஆகவே பொருளின் விலை வேறு, அதனால் நமக்கு ஆகும் மொத்தச் செலவு வேறு.

அதற்காக விலையைப் பார்க்கவே வேண்டாம் என்பதும் தவறு. தரம், காலம், விலை என்ற மூன்றும் வேண்டும். எது எவ்வளவு வேண்டும் என்பதே கேள்வி.

ஒரு பழைய கடிதம்

பிராண வாயுவைப் பற்றிப் படிக்கும்போது ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பெயரை அறிவியல் பாடத்தில் கண்டிருப்போம். 1772ஆம் ஆண்டில் அவருக்கு ஒரு புதிய வேலை தேடி வந்தது. ஏற்பதா விடுவதா என்று மயங்கிய அவர், நண்பர் பெஞ்சமின் பிராங்கிளினிடம் யோசனை கேட்டார். இடிதாங்கியைக் கண்டுபிடித்த அதே பிராங்கிளின்தான். அவர், "இதைச் செய்" என்றோ "அதைச் செய்" என்றோ எழுதவில்லை. எப்படி முடிவு செய்வது என்ற வழியை மட்டும் எழுதினார்.

ஒரு தாளின் நடுவில் கோடு போட வேண்டும். ஒரு பக்கம் சாதகமான காரணங்கள், மறுபக்கம் பாதகமான காரணங்கள். மூன்று நான்கு நாட்கள் யோசித்து, தோன்றத் தோன்ற எழுத வேண்டும். பிறகு இரு பக்கத்திலும் சம எடையுள்ள காரணங்களை அடித்துவிட வேண்டும். இந்தப் பக்கத்து ஒன்று அந்தப் பக்கத்து இரண்டுக்குச் சமமானால் மூன்றையும் அடித்துவிடலாம். கடைசியில் எந்தப் பக்கம் மிஞ்சுகிறதோ அதுவே முடிவு.

குணத்தையும் குற்றத்தையும் ஒருசேரப் பார்த்து, மிகுந்தது எதுவோ அதைக் கொண்டு ஒருவரை மதிப்பிட வேண்டும் என்ற கருத்து நமக்கும் புதியதன்று. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்ற 51ஆம் அதிகாரமே இதற்காக இருக்கிறது. ஆனால் பிராங்கிளினின் வழி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் உதவும். நான்கு வியாபாரிகள், ஐந்து அம்சங்கள் என்று வந்தால் என்ன செய்வது?

சாட்டி கண்ட வழி

இதற்கு விடை கண்டவர் தாமஸ் சாட்டி என்னும் கணித அறிஞர். 1926ஆம் ஆண்டில் ஈராக் நாட்டின் மோசுல் நகரில் பிறந்து, அமெரிக்காவில் பணியாற்றி, 2017ஆம் ஆண்டில் காலமானவர். 1960களில் அவர் அமெரிக்க அரசின் ஆயுதக் குறைப்புத் துறையில் வேலை பார்த்தார். அணுகுண்டுகளைக் குறைப்பது பற்றிய பேச்சு நடந்த காலம் அது. உலகப் புகழ் பெற்ற பொருளாதார அறிஞர்களும் சட்ட அறிஞர்களும் அங்கு இருந்தனர். அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் எது முக்கியம், எது அதைவிட முக்கியம் என்பதை ஒருவருக்கொருவர் விளங்கும்படி எடுத்துச்சொல்ல ஒரு பொது மொழி அவர்களிடம் இல்லை. இதைக் கண்ட சாட்டி, 1970களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது எளிய முறை ஒன்றை வகுத்தார். 1980ஆம் ஆண்டில் அதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமும் எழுதினார். 'அனலிட்டிக் ஹையரார்க்கி பிராசஸ்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். நாம் அதைச் சுருக்கமாக 'அடுக்கு முறை' என்று சொல்வோம்.

ஏன் அடுக்கு? கேள்வியை மூன்று அடுக்காகப் பிரித்து வைப்பதுதான் முதல் வேலை. உச்சியில் நம் நோக்கம். அதன் கீழே அந்த நோக்கத்துக்கு வேண்டிய அம்சங்கள். அடியில், தேர்ந்தெடுக்க வேண்டிய ஆட்கள் அல்லது பொருள்கள்.

இரண்டாவது வேலை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒப்பிடாமல் இரண்டிரண்டாக ஒப்பிடுவது. பத்துப் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தச் சொன்னால் திணறுவோம். இரண்டு பாட்டுகளைச் சொல்லி, எது பிடிக்கும் என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவோம் அல்லவா? மனித மனத்தின் இந்த இயல்பைத்தான் சாட்டி பயன்படுத்திக்கொண்டார்.

ஒப்பிடுவதற்கு அவர் தந்த அளவுகோல் இது:

1 - இரண்டும் சமம்
3 - ஒன்று மற்றதைவிடச் சற்று முக்கியம்
5 - நன்றாகவே முக்கியம்
7 - மிக முக்கியம்
9 - ஒப்பிடவே முடியாத அளவு முக்கியம்

2, 4, 6, 8 ஆகியவை இடைப்பட்ட நிலைகள். தரம் விலையைவிட 4 மடங்கு முக்கியம் என்றால், விலை தரத்தில் நான்கில் ஒரு பங்கு முக்கியம் என்பது தானே வந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு

பத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு தையற்கூடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் பள்ளிச் சீருடை தைக்கிறார்கள். ஈரோட்டிலிருந்து மூன்று துணி வியாபாரிகள் விலைப்புள்ளி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களை அ, ஆ, இ என்று அழைப்போம். மீட்டருக்கு அ கேட்பது 120 ரூபாய், ஆ கேட்பது 150 ரூபாய், இ கேட்பது 100 ரூபாய். விலையை மட்டும் பார்த்தால் ஒரு நிமிடத்தில் இ-யைத் தேர்ந்தெடுத்துவிடலாம். ஆனால் சாம்பிள் துணியை நனைத்துப் பார்த்தால் ஆ-வின் துணி சுருங்கவுமில்லை, சாயம் போகவுமில்லை. முன்பு வாங்கியவர்களை விசாரித்தால், சொன்ன தேதியில் சரக்கு அனுப்புபவர் அ மட்டுமே.

முதலில் அம்சங்களை இரண்டிரண்டாக ஒப்பிடுவோம். பெண்கள் கூடிப் பேசிச் சொன்னவை இவை: தரம், காலத்தைவிட 2 மடங்கு முக்கியம். தரம், விலையைவிட 4 மடங்கு முக்கியம். காலம், விலையைவிட 3 மடங்கு முக்கியம். இவற்றை ஓர் அணியாக எழுதுவோம். பத்தாம் வகுப்புக் கணக்கில் 'அணிகள்' என்று படித்தோமே, அவை எதற்குப் பயன்படும் என்று கேட்ட தோழியருக்கு இதோ விடை!

தரம்: 1, 2, 4
காலம்: 1/2, 1, 3
விலை: 1/4, 1/3, 1

இனி ஒவ்வொரு நிரலையும் மேலிருந்து கீழாகக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகைகள் 1.75, 3.33, 8. ஒவ்வோர் எண்ணையும் அதனதன் நிரலின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். தரத்தின் வரிசையில் 0.57, 0.60, 0.50 என்று வரும். இவற்றின் சராசரி 0.56. இவ்வாறே காலத்துக்கு 0.32, விலைக்கு 0.12 கிடைக்கும். மூன்றையும் கூட்டினால் 1. அதாவது நூறு மதிப்பெண்ணில் தரத்துக்கு 56, காலத்துக்கு 32, விலைக்கு 12 என்று அந்தப் பெண்கள் தங்களை அறியாமலே ஒதுக்கிவிட்டார்கள்!

சொன்னது முன்னுக்குப் பின் முரணா?

இந்த முறையின் சிறப்பு, நம் பேச்சில் உள்ள முரணையும் அது காட்டிக்கொடுத்துவிடும் என்பது. மேலே சொன்னதைக் கவனியுங்கள். தரம் காலத்தைப் போல் 2 மடங்கு. தரம் விலையைப் போல் 4 மடங்கு. அப்படியானால் காலம் விலையைப் போல் 2 மடங்குதான் இருக்க வேண்டும். அவர்களோ 3 என்றார்கள். இது சிறு முரண். மனிதர்கள் இயந்திரங்கள் அல்லர். சிறிது முரண் வரத்தான் செய்யும். எவ்வளவு வரை பொறுக்கலாம்?

சாட்டி அதற்கும் கணக்கு வைத்திருக்கிறார். அணியின் ஒவ்வொரு வரிசையையும் நாம் கண்ட எடைகளால் பெருக்கிக் கூட்டி, அந்தந்த எடையால் வகுத்துச் சராசரி எடுக்க வேண்டும். முரணே இல்லாவிட்டால் சராசரி சரியாக 3 வரும், ஏனெனில் அம்சங்கள் 3. நம் கணக்கில் 3.018 வருகிறது. அதிகப்படியான 0.018ஐ, அம்சங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்த 2ஆல் வகுத்தால் 0.009. கண்ணை மூடிக்கொண்டு எண்களை இட்டு நிரப்பினால் சராசரியாக எவ்வளவு முரண் வரும் என்று சாட்டி ஓர் அட்டவணை தந்திருக்கிறார். மூன்று அம்சங்களுக்கு அது 0.58. 0.009ஐ 0.58ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.016. இந்த விடை 0.10க்குள் இருந்தால் ஏற்கலாம். மீறினால் மீண்டும் உட்கார்ந்து பேச வேண்டும். நம் தையற்கூடத்துப் பெண்கள் தேறிவிட்டார்கள்.

வியாபாரிகளுக்கு மதிப்பெண்

இதே வழியில் ஒவ்வோர் அம்சத்திலும் வியாபாரிகளை ஒப்பிட வேண்டும். தரத்தில் ஆ, அ-வைப் போல் 2 மடங்கு, இ-யைப் போல் 4 மடங்கு என்று கொண்டால், மதிப்பெண்கள் அ 0.29, ஆ 0.57, இ 0.14. காலந்தவறாமையில் அ மற்ற இருவரையும்விட 3 மடங்கு மேல். மற்ற இருவரும் சமம். ஆகவே அ 0.60, ஆ 0.20, இ 0.20. விலைக்கு மடங்கு சொல்லத் தேவையில்லை, ரூபாயே இருக்கிறது. விலை குறையக் குறைய மதிப்பெண் கூட வேண்டுமாதலால் 1/120, 1/150, 1/100 என்று தலைகீழாக்கி, மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அ 0.33, ஆ 0.27, இ 0.40.

இனி எடையால் பெருக்கிக் கூட்டுவோம்.

அ: 0.56 × 0.29 + 0.32 × 0.60 + 0.12 × 0.33 = 0.394
ஆ: 0.56 × 0.57 + 0.32 × 0.20 + 0.12 × 0.27 = 0.416
இ: 0.56 × 0.14 + 0.32 × 0.20 + 0.12 × 0.40 = 0.190

விலை அதிகமான ஆ முதலிடம்! மலிவான இ கடைசி.

இத்துடன் நின்றுவிடக் கூடாது. முதல் இருவருக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரமாக இருந்தால், துணி ஒரு வாரம் தாமதித்தாலும் சீருடை வீணாகிவிடும். அப்போது காலத்துக்கும் தரத்துக்கும் சமமாக 0.44 என்று எடை கொடுத்து, விலையை 0.12ஆகவே வைத்துப் பார்ப்போம். இப்போது அ-வுக்கு 0.431, ஆ-வுக்கு 0.371. முதலிடம் மாறிவிட்டது! எடையைச் சற்று மாற்றினால் முடிவு மாறுகிறதா என்று இப்படிச் சோதிப்பது மிக அவசியம். மாறாவிட்டால் தைரியமாகச் செல்லலாம். மாறினால், இருவருக்கும் ஆர்டரைப் பகிர்ந்து கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

பகிர்ந்து கொடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. 1997ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் ஜப்பானில் ஐசின் என்ற கம்பெனியின் ஆலையில் தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சிறு வால்வு அங்கேதான் ஏறக்குறைய முழுவதும் தயாரானது. கையிருப்போ மிகக் குறைவு. அந்தச் சிறு உறுப்பு இல்லாமல் டொயோட்டாவின் மாபெரும் தொழிற்சாலைகள் சில நாட்கள் நின்றுபோயின. மற்ற ஆலைகள் பல கைகொடுத்து அந்த வால்வைச் செய்து கொடுத்த பிறகே சக்கரங்கள் மீண்டும் ஓடின. ஐசின் தரத்திலோ விலையிலோ குறைந்ததன்று. ஆயினும் எல்லாவற்றையும் ஒரே கையில் ஒப்படைப்பதில் உள்ள ஆபத்தும் ஓர் அம்சம் என்பதை அந்தத் தீ உலகுக்குக் கற்பித்தது.

பலர் கூடி முடிவு செய்யும்போது

பத்துப் பெண்களும் ஒரே எண்ணைச் சொல்வார்களா? ஒருவர் "தரம் விலையைப் போல் 2 மடங்கு" என்பார். மற்றவர் "இல்லை, 8 மடங்கு" என்பார். சாதாரணச் சராசரி எடுத்தால் 5. ஆனால் அதே இருவரின் கருத்தையும் விலையின் பக்கமிருந்து சொன்னால் 1/2, 1/8, சராசரி 5/16. ஒரு பக்கம் 5 என்றால் மறுபக்கம் 1/5 அல்லவா வர வேண்டும்? கணக்கு இடிக்கிறது. பெருக்குச் சராசரி எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. 2, 8 இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 4. 1/2, 1/8 இரண்டுக்கும் 1/4. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றே. குரலை உயர்த்திப் பேசுபவரின் சொல்லும், மூலையில் மெல்லப் பேசுபவரின் சொல்லும் இங்கே சம மதிப்புப் பெறுகின்றன.

குறைகளும் உண்டு

எந்த முறையும் குறையற்றதன்று. அம்சங்கள் கூடக் கூட ஒப்பீடுகள் பெருகும். 3 அம்சங்களுக்கு 3 ஒப்பீடு, 4க்கு 6, 7க்கு 21. அதற்கு மேல் போனால் மனம் சோர்ந்து ஏதோ ஓர் எண்ணைச் சொல்லத் தொடங்கிவிடும்.

வேறொரு குறையை 1983ஆம் ஆண்டில் வாலரி பெல்ட்டன், டோனி கியர் என்ற இருவர் எடுத்துக்காட்டினர். ஏற்கெனவே உள்ள ஒருவரைப் போன்றே இன்னொருவரைப் பட்டியலில் சேர்த்தால், மற்றவர்களின் வரிசை தலைகீழாக மாறிவிடக்கூடும். புதியவர் வந்ததால் பழையவர்களின் குணம் மாறவில்லையே, வரிசை மட்டும் ஏன் மாற வேண்டும்? இதைப் பற்றி அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். ஆகவே இம்முறையை ஓர் உதவியாளராகக் கொள்ள வேண்டுமே தவிர, நீதிபதியாகக் கொள்ளக் கூடாது.

தராசில் வைக்கக் கூடாதவை

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஈ என்ற நான்காவது வியாபாரி வருகிறார் என்று கொள்வோம். துணி முதல் தரம். சொன்ன நாளில் வரும். விலையோ 90 ரூபாய்தான். கணக்குப் போட்டால் அவரே முதல்வர். ஆனால் அவருடைய தறிக்கூடத்தில் பள்ளிக்குப் போக வேண்டிய சிறுமியர் நூல் சுற்றிக்கொண்டிருந்தால்? வாசற்கதவு வெளியே பூட்டப்பட்டிருந்தால்?

"தொழிலாளர் நலம் என்று ஓர் அம்சத்தைச் சேர்த்துவிட்டால் போயிற்று" என்று தோழியர் சொல்லலாம். போதாது. ஏனென்றால் கூட்டல் கணக்கில் ஒரு பக்கக் குறையை மறுபக்க நிறை ஈடுசெய்துவிடும். அந்த அம்சத்தில் ஈ பூஜ்யம் வாங்கினாலும், மற்ற மூன்றிலும் முதலிடம் பெற்று மொத்தத்தில் வென்றுவிடலாம். அப்படியானால் ஒரு சிறுமியின் படிப்புக்கு மீட்டருக்குப் பத்து ரூபாய் என்று நாமே விலை வைத்தவர்கள் ஆகிவிடுவோம்.

இது வெறும் கற்பனைப் பயமன்று. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் வங்காள தேசத்தில், டாக்கா அருகே சவார் என்ற இடத்தில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. மேல் மாடிகளில் வெளிநாட்டுக் கடைகளுக்கு ஆடை தைக்கும் ஆலைகள் இருந்தன. முதல் நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாளும் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். 1,134 பேர் மாண்டனர். அவர்களுள் இளம் பெண்கள் பலர். அந்த ஆடைகளை வாங்கிய கம்பெனிகளிடமும் தரம், காலம், விலை என்ற அளவுகோல்கள் இருக்கத்தான் செய்தன. துணியின் தரத்தைப் பார்த்தவர்கள் சுவரின் தரத்தைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில், ஆலைக் கட்டடங்களையும் தீப் பாதுகாப்பையும் சோதிக்க வகை செய்யும் ஓர் ஒப்பந்தம் வாங்கும் கம்பெனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே ஏற்பட்டது. போன உயிர்களுக்குப் பின் வந்த ஞானம் அது!

ஆகவே சில நிபந்தனைகளைத் தராசில் வைக்காமல் வாசற்படியிலேயே வைக்க வேண்டும். படியைத் தாண்டியவருக்கே உள்ளே மதிப்பெண். தாண்டாதவர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பட்டியலில் பெயர் இல்லை. நம் நாட்டுச் சட்டமும், குடும்பத் தொழிலுக்குப் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயது நிறையாதவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு இவ்வாறு கடுமையாக்கப்பட்டது. நம் திருப்பூர்ப் பின்னலாடைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், ஆய்வாளர்களை அனுப்பி ஆலைகளைப் பார்த்த பிறகே ஆர்டர் கொடுப்பதும் இப்படிப்பட்ட வாசற்படிதான்.

நமக்கு இது எதற்கு?

"நாம் என்ன கம்பெனியா நடத்துகிறோம்?" என்று கேட்கும் தோழியருக்கு ஒரு சொல். இன்னும் சில மாதங்களில் நாம் பதினோராம் வகுப்பில் எந்தப் பாடப் பிரிவை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். நம் விருப்பம், நம் திறமை, மேற்படிப்புக்கு உள்ள வழி, வீட்டில் செலவழிக்கக் கூடிய பணம் ஆகிய நான்கு அம்சங்கள், ஆறே ஒப்பீடுகள். தந்தை ஒரு தாளில் போடட்டும், தாய் ஒரு தாளில் போடட்டும், நாம் ஒரு தாளில் போடுவோம். பிறகு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எங்கே எண்கள் வேறுபடுகின்றனவோ அங்கேதான் பேச வேண்டிய பேச்சு இருக்கிறது. "அவள் சேர்கிறாள், நானும் சேர்கிறேன்" என்பதைவிட இது மேலான காரணம் அல்லவா?

முடிவுரை

யாரிடம் வாங்குவது என்ற கேள்விக்கு விடை காண, நோக்கத்தைத் தெளிவாக்க வேண்டும். அம்சங்களைப் பிரிக்க வேண்டும். இரண்டிரண்டாக ஒப்பிட வேண்டும். முரணைச் சோதிக்க வேண்டும். எடையை மாற்றிப் பார்க்க வேண்டும். இவை அனைத்துக்கும் முன்னதாக, எந்த விலைக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை எவை என்று தீர்மானித்து வாசற்படியில் எழுதி வைக்க வேண்டும். கணக்கு, அம்சங்களின் எடையைச் சொல்லும். எதைத் தராசில் ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் நாமே. நாளை குடும்பத்தையோ, தொழிலையோ, ஒரு பெரிய அலுவலகத்தையோ நடத்தப்போகும் நாம், நாம் உடுத்தும் சட்டையைத் தைத்த கைகளையும் நினைவில் வைத்துக் கணக்குப் போடக் கற்றுக்கொள்வோமாக!